ஒரே ரெப்போவில் பல ஏஐ ஏஜென்ட்கள்: எதை எதைப் பிரிக்க வேண்டும்?

கேள்வி இது: நான்கு பேர் கொண்ட குழு. ஜாங்கோ (சேவையகப் பக்கம்), ரியாக்ட் (உலாவிப் பக்கம்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) எல்லாம் ஒரே ரெப்போவில் (கிட் கண்காணிக்கும் குறியீட்டுக் கிடங்கில்) இருக்கின்றன. ஒரு மடிக்கணினியில் மூன்று ஏஐ ஏஜென்ட்களை (தாமாகவே குறியீடு எழுதி, கட்டளைகளை ஓட்டும் கருவிகளை) ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிடுகிறது. கிட் வொர்க்ட்ரீ (ஒரே ரெப்போவின் கிளைகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் விரிக்கும் வசதி) போதுமா, டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) வேண்டுமா, தனி மெய்நிகர் இயந்திரமே எடுத்துவிடலாமா?

மூன்று ஏஜென்ட்களுக்கு மூன்று வொர்க்ட்ரீ என்று இன்றைக்கே தொடங்குங்கள். ஆனால் அது பிரித்துக் கொடுப்பது கோப்புகளை மட்டும்தான். போர்ட் (ஒரு நிரல் இணைப்புகளை ஏற்கும் எண்), தரவுத்தளம், கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஆகியவற்றை நீங்கள்தான் பிரிக்க வேண்டும். கடவுச்சொல், டோக்கன், நெட்வொர்க் ஆகியவற்றுக்குக் கன்டெய்னர் வேண்டும். பல குழுக்கள் முதல் படியோடு நின்றுகொண்டு, எல்லாம் தனித்தனியாகிவிட்டது என்று நம்பிவிடுகின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒன்று எழுதியதை இன்னொன்று அழிப்பது கண்ணில் படும் தொல்லை. அதைவிட மோசமானது கண்ணில் படாது. முதல் ஏஜென்ட் ஒரு செயற்கூற்றை மாற்றுகிறது; பாதி வேலை முடிந்திருக்கும்போது இரண்டாவது ஏஜென்ட் தன் டெஸ்ட்டை ஓட்டுகிறது. டெஸ்ட் தோற்கிறது. தோல்விக்குக் காரணம் தன் மாற்றம்தான் என்று நினைத்து, அது சரியாக இருந்த தன் குறியீட்டைத் "திருத்த" ஆரம்பிக்கிறது. மனிதராக இருந்தால் பக்கத்து மேசையில் கேட்டிருப்பார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருப்பதே தெரியாது. தன் கண்ணில் படும் கோப்புறையில் நடப்பதெல்லாம் தன் செயலின் விளைவு என்று எடுத்துக்கொள்ளும். இதற்கிடையில் மூன்றாவது ஏஜென்ட் "சுத்தமான நிலைக்குப் போகிறேன்" என்று கிட் செக்அவுட்டோ (கோப்புகளை வேறு நிலைக்கு மாற்றுவது) ஸ்டாஷோ (முடியாத மாற்றங்களை ஒதுக்கிவைப்பது) செய்துவிட்டால், கமிட் ஆகாத (கிட் வரலாற்றில் பதிவாகாத) மற்ற இருவரின் வேலையும் போய்விடும்.

கிட் வொர்க்ட்ரீ 2015 ஜூலையில் வெளிவந்த கிட் 2.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஏஐ ஏஜென்ட்களுக்காகப் பிறந்தது அல்ல. ஒரு கிளையில் வேலை பாதியில் இருக்கும்போது அவசரத் திருத்தத்துக்கு இன்னொரு கிளையைத் திறக்க வேண்டியவர்களுக்கான வசதி. ஒரே ரெப்போவின் கமிட் வரலாற்றைப் பகிர்ந்துகொண்டு, வேறு வேறு கோப்புறைகளில் வேறு வேறு கிளைகளை விரித்துவைக்கிறது. ஒவ்வொரு கோப்புறைக்கும் தனி ஹெட் (எந்தக் கிளையில் இருக்கிறோம் என்ற குறிப்பு), தனி இன்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்த மாற்றங்கள்) உண்டு. ஒரே கிளையை இரண்டு வொர்க்ட்ரீகளில் திறக்க கிட் மறுத்துவிடும். ஏஜென்ட்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பு மிகப் பெரிய பாதுகாப்பு; வலுக்கட்டாயமாகத் திறக்கும் ஃபோர்ஸ் தெரிவை ஏஜென்ட் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தல் கோப்பில் எழுதிவையுங்கள்.

ஆனால் வொர்க்ட்ரீகள் எதைப் பகிர்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாஷ் பொதுவானது. ஒரு வொர்க்ட்ரீயில் ஒரு ஏஜென்ட் ஸ்டாஷ் செய்து வைத்ததை, வேறொரு வொர்க்ட்ரீயில் இருக்கும் ஏஜென்ட் ஸ்டாஷ் பாப் கொடுத்து எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே ஸ்டாஷையே தடை செய்யுங்கள்; தற்காலிகமாக ஒதுக்கிவைக்க வேண்டியதைக் கிளையில் கமிட் செய்யச் சொல்லுங்கள். கிட் ஹூக்குகளும் (கமிட் போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள்) பொதுவானவை. கிட் அமைப்புக் கோப்பும் வழக்கமாகப் பொதுவானதே. இந்த இரண்டும் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

வொர்க்ட்ரீகளை ரெப்போவுக்குள் வைக்காமல் பக்கத்துக் கோப்புறையாக வையுங்கள். உள்ளே வைத்தால் தேடல் கருவியும் லின்டரும் (குறியீட்டில் பிழை தேடும் கருவி) கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் நிரல்களும் ஒரே குறியீட்டை நான்கு முறை படிக்கும்; ஏஜென்ட் தேடும்போது பக்கத்து ஏஜென்ட்டின் பிரதி கிடைத்து அதையே திருத்திவிடவும் கூடும். கோப்புறைக்கு ஏஜென்ட்டின் பெயரைவிடப் பணியின் பெயரே நல்லது. இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது "கட்டண-ரசீது-பிழை" என்பது உங்களுக்கு ஏதாவது சொல்லும். "ஏஜென்ட்-2" எதையும் சொல்லாது.

புதிய வொர்க்ட்ரீயில் கிட் கண்காணிக்கும் கோப்புகள் மட்டுமே வரும். டாட் என்வ் கோப்பு (கடவுச்சொல் போன்ற அமைப்புகள் இருப்பது) வராது, நோட் மாட்யூல்ஸ் (ரியாக்ட் பக்கத்தின் பொதிகள்) வராது, பைத்தான் மெய்நிகர் சூழல் (பைத்தான் பொதிகள் இருக்கும் கோப்புறை) வராது. இவை இல்லாமல் ஏஜென்ட்டை இறக்கிவிட்டால், முதல் பத்து நிமிடம் அது சூழலைச் சரிசெய்யத் தானாக எதையெதையோ நிறுவும். சில நேரம் லாக் கோப்பையே (எந்தப் பொதி எந்தப் பதிப்பு என்ற பட்டியலை) மாற்றிவிடும். பழைய கோப்புறையிலிருந்து பைத்தான் மெய்நிகர் சூழலை அப்படியே நகலெடுப்பதும் தவறு. அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்களில் பழைய கோப்புறையின் முழுப் பாதை பதிந்திருக்கும். புதிய இடத்தில் இருந்துகொண்டு பழைய சூழலையே ஓட்டும். யுவி, பிஎன்பிஎம் போன்ற கருவிகள் பொதுக் கிடங்கு ஒன்றை வைத்துக்கொண்டு இணைப்புகள் மூலம் நிறுவுவதால், ஒவ்வொரு வொர்க்ட்ரீயிலும் புதிதாக நிறுவுவது அவற்றில் வேகமாகவும் வட்டில் அதிக இடம் பிடிக்காமலும் முடியும். நீங்கள் இன்னும் பிப், என்பிஎம் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பல ஏஜென்ட்களை ஓட்டுவது ஒன்றே இவற்றுக்கு மாறப் போதுமான காரணம்.

ஆக, ஓர் அமைப்பு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். பணியின் பெயரையும் ஓர் இட எண்ணையும் வாங்கிக்கொண்டு, வொர்க்ட்ரீயை உருவாக்கி, சார்புகளை நிறுவி, அந்த இடத்துக்கே உரிய டாட் என்வ் கோப்பை எழுதி, தரவுத்தளத்தை உருவாக்கித் தர வேண்டும். இந்த இட எண் என்ற யோசனைதான் மொத்த அமைப்புக்கும் அச்சாணி. இடம் 1 என்றால் ஜாங்கோவின் போர்ட் 8010, வைட்டின் (ரியாக்ட் பக்கத்தைக் காட்டும் உருவாக்கச் சேவையகம்) போர்ட் 5183, தரவுத்தளத்தின் பெயர் ஆப்_1. இடம் 2 என்றால் 8020, 5193, ஆப்_2. ஏஜென்ட் எதையும் ஊகிக்கத் தேவையில்லை. எல்லாம் சூழல் மாறிகளில் இருக்கும்.

போர்ட் விஷயத்தில் உங்கள் ரியாக்ட் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. வைட் கேட்கும் போர்ட்டில் வேறு யாராவது இருந்தால், வழக்கமாக அது அடுத்த போர்ட்டுக்கு நகர்ந்துவிடும். வழக்கமான 5173 என்று நினைத்துக்கொண்டு உலாவியைத் திறக்கும் ஏஜென்ட் பார்ப்பது பக்கத்து ஏஜென்ட்டின் பக்கத்தை. தன் மாற்றம் திரையில் தெரியவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருக்கும். வைட் அமைப்பில் ஸ்ட்ரிக்ட் போர்ட் என்ற தெரிவை இயக்கிவிடுங்கள். போர்ட் கிடைக்காவிட்டால் பிழையோடு நிற்கட்டும். வெளிப்படையாகத் தோற்பதை ஏஜென்ட் கையாளும். ஓசையில்லாமல் இடம் மாறுவதை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது தரவுத்தளம். ஜாங்கோ டெஸ்ட் ஓட்டும்போது உங்கள் தரவுத்தளப் பெயருக்கு முன்னால் டெஸ்ட் என்று சேர்த்து ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தை உருவாக்கும். மூன்று ஏஜென்ட்களும் ஒரே பெயரைப் பயன்படுத்தினால், இரண்டாவதாக வருவது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருப்பதைப் பார்த்து, அழிக்கட்டுமா என்று கேட்டு நிற்கும். கேள்வி கேட்காதே என்று நோஇன்புட் தெரிவைக் கொடுத்திருந்தால் தானே அழிக்க முயலும். முதல் ஏஜென்ட்டின் இணைப்பு திறந்திருப்பதால் போஸ்ட்கிரெஸ் மறுக்கும். குறியீட்டில் எந்தப் பிழையும் இல்லாமலே டெஸ்ட் தோற்கும். ஏஜென்ட்டின் டெஸ்ட் சில நேரம் வெல்கிறது, சில நேரம் தோற்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். இட எண்ணோடு தரவுத்தளப் பெயர் மாறிவிட்டால் டெஸ்ட் தரவுத்தளத்தின் பெயரும் தானாக மாறிவிடும்.

மாதிரித் தரவு நிரம்பிய ஒரு தரவுத்தளத்தை அச்சாக வைத்துக்கொண்டு, போஸ்ட்கிரெஸின் கிரியேட் டேட்டாபேஸ் கட்டளையில் டெம்ப்ளேட் என்று அதைக் குறிப்பிட்டால் அப்படியே ஒரு பிரதி கிடைக்கும். பிரதி எடுக்கும் நேரத்தில் அச்சுத் தரவுத்தளத்தோடு யாரும் இணைந்திருக்கக் கூடாது. எனவே அதை எந்த டாட் என்வ் கோப்பிலும் எழுதாமல், பிரதி எடுக்க மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

செலரி (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் ரெடிஸையும் (கேஷுக்கும் வேலை வரிசைக்கும் பயன்படும் தரவுக் கிடங்கு) பிரிக்க வேண்டும். ஒரே வரிசையில் எல்லோரும் வேலைகளைப் போட்டால், ஒரு வொர்க்ட்ரீ போட்ட வேலையை இன்னொரு வொர்க்ட்ரீயின் தொழிலாளி பழைய குறியீட்டோடு எடுத்து முடித்துவிடும். ரெடிஸ் வழக்கமாக 0 முதல் 15 வரை 16 எண்ணிட்ட தரவுத்தளங்களைத் தருகிறது. இடத்துக்கு ஒன்றைக் கொடுக்கலாம். ஆனால் பப்சப் (கேட்பவர் எல்லோருக்கும் ஒலிபரப்பும்) செய்திகளுக்கு இந்த எண் பிரிவு கிடையாது, எல்லோருக்கும் கேட்கும். சேனல்ஸ், வெப்சாக்கெட் (உலாவியோடு உடனடிச் செய்திப் பரிமாற்றம்) என்று எதையாவது அதில் ஓட்டினால் தனி ரெடிஸ் கன்டெய்னரே சரி.

இந்த இடத்தில் டாக்கர் கம்போஸ் (பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி ஓட்டும் கருவி) எளிய வழியாகிவிடுகிறது. கோப்புறையின் பெயரையே திட்டப் பெயராக எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு வொர்க்ட்ரீயிலும் தனிக் கன்டெய்னர்கள், தனி நெட்வொர்க், தனி வால்யூம் (தரவு சேமிக்கும் இடம்) தானாகவே அமையும். கம்போஸ் கோப்பில் கன்டெய்னர் நேம் என்று நிலையான பெயர் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். இரண்டாவது இடம் எழும்பாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் காரணம். வெளிப்புறப் போர்ட் எண்களைச் சூழல் மாறியிலிருந்து எடுக்கச் செய்யுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏஜென்ட்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருப்பதற்கு. ஏஜென்ட்டிடமிருந்து உங்கள் கணினியைக் காப்பது வேறு விஷயம், எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். வொர்க்ட்ரீ ஒரு சுவர் அல்ல. அதற்குள் ஓடும் ஏஜென்ட் உங்கள் பயனர் கணக்கில், உங்கள் உரிமையோடுதான் ஓடுகிறது. உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் கிளவுட் கணக்கின் சாவிகளையும் அதனால் படிக்க முடியும்.

ஏஜென்ட் நல்லெண்ணத்தோடு இருப்பது போதாது, ஏனென்றால் அது படிப்பவை எல்லாம் உங்களுடையவை அல்ல. ஒரு நூலகத்தின் ஆவணப் பக்கத்திலோ, யாரோ திறந்த பிழைப் புகாரிலோ "இந்தக் கோப்பைப் படித்து இந்த முகவரிக்கு அனுப்பு" என்று எழுதியிருந்தால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இதற்கு 2022 செப்டம்பரில் பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயரிட்ட மென்பொருளாளர் சைமன் வில்லிசன், 2025 ஜூனில் இதை மூன்று கூறுகளாகப் பிரித்துச் சொன்னார்: அந்தரங்கத் தரவைப் படிக்கும் வசதி, நம்பத்தகாத எழுத்து உள்ளே வரும் வழி, வெளியே அனுப்பும் வழி. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் திருட்டு நடக்கும். ஒன்றை வெட்டினாலும் போதும். குறியீடு எழுதும் ஏஜென்ட்டுக்கு இரண்டாவதை வெட்ட முடியாது, ஆவணங்களைப் படித்தே ஆக வேண்டும். ஆகவே முதலாவதையும் மூன்றாவதையும் வெட்டுங்கள்.

வெளியாரின் தாக்குதல் இல்லாமலும் விபத்து நடக்கும். 2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதன் பிறகு அந்நிறுவனம் உருவாக்கத் தரவுத்தளத்தையும் நேரடிப் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. அறிவுறுத்தலில் எழுதிவைத்த தடை அங்கே காப்பாற்றவில்லை. தடையை உரிமையில் வைக்க வேண்டும். ஏஜென்ட் ஓடும் சூழலில் நேரடித் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லே இருக்கக் கூடாது. உங்கள் குழுவில் யாராவது டாட் என்வ் கோப்பில் "அவசரத்துக்கு" என்று அதை எழுதிவைத்திருந்தால், மற்ற எதையும் செய்யும் முன் அதை நீக்கி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

கன்டெய்னர் அமைக்கும்போது பணிக் கோப்புறையை மட்டும் உள்ளே இணையுங்கள். ஹோம் கோப்புறையை இணைக்காதீர்கள். டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்கே கட்டளை கொடுக்கும் வாயிலை) எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொடுக்காதீர்கள். அதைக் கொடுப்பது கணினியின் ரூட் உரிமையைக் கொடுப்பதற்குச் சமம். உள்ளே ரூட் அல்லாத பயனராக ஓட்டுங்கள், நினைவகத்துக்கும் சிபியுவுக்கும் வரம்பு வையுங்கள். நெட்வொர்க்கில் ஏஐ சேவை, பொதிக் கிடங்குகள், கிட் சேவையகம் ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி. கிட் சேவையகமே ஒரு வெளியேறும் வழிதான் என்பதையும் கவனியுங்கள்: உங்கள் முழு உரிமை டோக்கன் உள்ளே இருந்தால் வேறொரு ரெப்போவுக்கும் அனுப்ப முடியும். அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டுமான, காலாவதி உள்ள டோக்கன் கொடுங்கள்; முதன்மைக் கிளையைப் பாதுகாப்பில் வையுங்கள். இன்னும் நல்லது, டோக்கனே கொடுக்காமல் வெளியே இருந்து நீங்களே புஷ் செய்வது.

வொர்க்ட்ரீயையும் கன்டெய்னரையும் சேர்க்கும்போது ஒரு சிக்கல் வரும். வொர்க்ட்ரீக்குள் டாட் கிட் என்பது கோப்புறை அல்ல; முதன்மை ரெப்போவின் முழுப் பாதையைச் சொல்லும் ஒரு சிறு கோப்பு. கன்டெய்னருக்குள் அந்தப் பாதை இல்லாததால் கிட் கட்டளைகள் எல்லாம் தோற்கும். 2025 ஜனவரியில் வந்த கிட் 2.48 சார்புப் பாதைகளை அனுமதிக்கிறது என்பதால், முதன்மை ரெப்போவின் டாட் கிட் கோப்புறையையும் அதே அமைப்பில் இணைத்துவிட்டால் இது தீரும். ஆனால் அப்படிச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். டாட் கிட் கோப்புறைக்குள் ஹூக்குகளும் அமைப்புக் கோப்பும் இருக்கின்றன. கன்டெய்னருக்குள்ளிருந்து ஏஜென்ட் ஒரு ஹூக்கை எழுதினால், அடுத்த முறை நீங்கள் வெளியே கமிட் செய்யும்போது அது உங்கள் கணினியில், உங்கள் உரிமையோடு ஓடும். சுவரைக் கட்டிவிட்டு அதில் நாமே கதவு வைப்பதாகிவிடும்.

அதனால் கன்டெய்னர் என்று முடிவானால் வொர்க்ட்ரீயை விட்டுவிட்டு முழு குளோன் (ரெப்போவின் தனிப் பிரதி) எடுங்கள். ஒரே வட்டில் குளோன் எடுக்கும்போது கிட் பழைய பொருள்களை ஹார்ட் லிங்க் செய்துகொள்வதால் (நகலெடுக்காமல் அதே கோப்பைப் பகிர்வதால்) இடம் அதிகம் வீணாகாது. வேலை முடிந்ததும் உங்கள் முதன்மை ரெப்போவில் நின்றுகொண்டு, அந்தக் குளோனிலிருந்து கிளையை ஃபெட்ச் செய்து பாருங்கள். ஏஜென்ட் மாற்றிய பேக்கேஜ் ஜேசன் கோப்பு, மேக் கோப்பு, டெஸ்ட் அமைப்புகள் ஆகியவற்றைப் படிக்கும் முன் வெளியே எதையும் ஓட்டாதீர்கள். அவையும் ஓடக்கூடிய குறியீடுதான்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் நடுவழி ஒன்று உண்டு. ஆந்த்ரோபிக்கின் ஏஜென்ட்டான கிளாட் கோடில் உள்ள சாண்ட்பாக்ஸ் (நிரலை அடைத்துவைக்கும்) வசதி லினக்ஸில் பபிள்ராப், மேக்கில் சீட்பெல்ட் என்ற அடைப்புக் கருவிகளைப் பயன்படுத்தி, எங்கே எழுதலாம், எந்தத் தளத்தைத் தொடலாம் என்பதை இயங்குதள அளவிலேயே கட்டுப்படுத்துகிறது. ஓபன்ஏஐயின் ஏஜென்ட்டான கோடெக்ஸும் மேக்கில் சீட்பெல்ட்டையே நம்புகிறது. வொர்க்ட்ரீயோடு இதைச் சேர்த்தால் சிறு குழுவுக்கு நல்ல தொடக்கம். எது படிக்கக் கூடாதது என்ற பட்டியலை மட்டும் நீங்களே பார்த்து அமையுங்கள். எழுதுவதைத் தடுப்பதும் படிப்பதைத் தடுப்பதும் வேறு வேறு அமைப்புகள்.

மெய்நிகர் இயந்திரம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) பகிர்வதால், முன்பின் தெரியாதவர்களின் குறியீட்டை ஓட்டுபவர்களுக்கு அது போதாது. அமேசான் 2018-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர் போன்ற சிறு மெய்நிகர் இயந்திரங்கள் அவர்களுக்கானவை. உங்களுடையது சொந்த ரெப்போ. மடிக்கணினியின் நினைவகம் திணறினால், ஒரு தொலைச் சேவையகத்தை எடுத்து இதே கம்போஸ் அமைப்பை அங்கே ஓட்டுங்கள்.

பணிகளைப் பிரிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கருவியும் அதைச் செய்து தராது. இரண்டு ஏஜென்ட்கள் தனித்தனி வொர்க்ட்ரீயில் ஜாங்கோ மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் எண்ணிட்ட கோப்பு) எழுதினால் இரண்டும் ஒரே வரிசை எண்ணோடு வரும். இணைக்கும்போது ஜாங்கோ இரண்டு முனைகள் இருப்பதாகச் சொல்லி நிற்கும். அதைத் தீர்க்க மெர்ஜ் தெரிவு உண்டு. ஆனால் இருவரும் ஒரே அட்டவணையை வேறு வேறு விதமாகப் புரிந்துகொண்டு மாற்றியிருந்தால் அதை எந்தத் தெரிவும் தீர்க்காது. தரவுத்தள அமைப்பை மாற்றும் பணி ஒரு நேரத்தில் ஒரே ஏஜென்ட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லாக் கோப்புக்கும் அதே விதி: புதிய பொதி சேர்க்கும் பணியைத் தனியாக முடித்து இணைத்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள். மூன்று ஏஜென்ட் எழுதுவதை ஒருவர் ஒழுங்காகப் படித்து இணைப்பதே கடினம். படிக்காத கிளைகள் குவிய ஆரம்பித்தால் ஏஜென்ட் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

முடிந்த வொர்க்ட்ரீயை வெறுமனே கோப்புறையை அழித்து அகற்றாதீர்கள். கிட் அதை இன்னும் இருப்பதாகவே நினைத்து அந்தக் கிளையைத் திறக்க மறுக்கும். வொர்க்ட்ரீ ரிமூவ் கட்டளையையே பயன்படுத்துங்கள். கமிட் ஆகாத வேலை உள்ளே இருந்தால் அது அழிக்க மறுக்கும், அந்த மறுப்பை மதியுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டால் வொர்க்ட்ரீ ப்ரூன் கணக்கைச் சரிசெய்யும். அந்த இடத்தின் தரவுத்தளத்தையும் கம்போஸ் வால்யூமையும் அகற்றுவதை அதே ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, ஏஜென்ட்டைக் கூப்பிடும் முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு இடங்களில் முழு டெஸ்ட் தொகுப்பையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். தனியாக ஓட்டும்போது வென்றது சேர்ந்து ஓடும்போது தோற்றால், பகிர்வு எங்கோ மிச்சமிருக்கிறது. பிறகு கன்டெய்னருக்குள் நுழைந்து எஸ்எஸ்ஹெச் கோப்புறையைப் படிக்க முயலுங்கள், பட்டியலில் இல்லாத ஒரு தளத்தைத் தொட முயலுங்கள். ஆந்த்ரோபிக் வெளியிட்டுள்ள மாதிரி டெவ் கன்டெய்னரின் ஃபயர்வால் ஸ்கிரிப்ட் இதைத் தானே செய்கிறது: விதிகளைப் போட்டு முடித்ததும் எக்ஸாம்பிள் டாட் காம் தளத்தைத் தொட்டுப் பார்க்கும், தொட முடிந்துவிட்டால் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். உங்கள் அமைப்பு ஸ்கிரிப்ட்டின் கடைசி வரிகளாக இதே சோதனையைச் சேர்த்துவிடுங்கள்.